ஜூன் மாதம் போட்ட இலக்கு ஆடிக்குள் காணாமல் போகிறது: ஒன்றாம் இரண்டாம் வகுப்பு எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கொன்னைமரம் (ஜூலை 5)
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம். தமிழ் மீடியம் எல்.பி. பள்ளி (தொடக்கப் பள்ளி). ஒன்றாம் வகுப்பில் 11, இரண்டாம் வகுப்பில் 16, ஆக 27 பிள்ளைகள் என் கையில். ஒரு இடம் காலியாகி ஒரு வருஷம் ஆகிறது. டெய்லி வேஜில் ஆள் போடுவதாகச் சொன்னார்கள், இன்னும் போடவில்லை, அதனால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன்.

ஒவ்வொரு ஜூனிலும் புது டைரி வாங்கி முதல் பக்கத்தில் "மார்ச்சுக்குள் எல்லாப் பிள்ளைகளும் சரளமாக வாசிக்க வேண்டும்" என்று எழுதுவேன். இது மூன்றாவது டைரி. பள்ளி திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இரண்டாம் வகுப்பில் ஏழு பேருக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை. மணி நாலு அடிக்கும்போது காலையிலிருந்து என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை, ஆனால் உடம்பு மட்டும் வலிக்கிறது. சும்மா உட்கார்ந்த நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் திட்டமிடத் தெரியவில்லையா?

நேரந்தவறாதவன் (ஜூலை 5)
டீச்சர், முதலில் காலை நாலரைக்கு எழப் பழகுங்கள். அரை மணி நேரம் அன்றைய வேலையை நாலு கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். அவசரம் முக்கியம், அவசரமில்லை ஆனால் முக்கியம், அந்த வரிசையில். நான் ஒரு வருஷமாக இதைச் செய்கிறேன், வாழ்க்கையே மாறிவிட்டது. போனில் இதற்கு இலவச ஆப்பும் இருக்கிறது.

மலைப்பள்ளி (ஜூலை 5)
தம்பி, நாலரைக்கு நாங்கள் ஏற்கெனவே எழுந்துதான் இருக்கிறோம். அடுப்பு பற்ற வைத்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, ஏழே கால் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். நாலு கட்டத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடட்டும்?

அப்புறம் கட்டம் போட்டு வேலையைப் பிரிப்பதெல்லாம் தன் நேரம் தன் கையில் இருப்பவர்களுக்கு. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அது அவசரமா முக்கியமா என்று யோசிக்க முடியாது, துடைக்கத்தான் வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லத் தோன்றியது.

நேரந்தவறாதவன் (ஜூலை 5)
கோபம் இல்லை அக்கா. நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவன், பீரியட் முடிந்தால் வெளியே வந்துவிடுவேன். அந்த வித்தியாசத்தை யோசிக்கவில்லை.

ஆனைமலை ஈராசிரியர் (ஜூலை 6)
நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. டீச்சர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். உங்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்பதில்லை. இல்லாத நேரத்துக்குத் திட்டம் போடுகிறீர்கள், அதுதான் பிரச்சினை.

கணக்குப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று இருக்கிறது. வகுத்தால் நாளுக்கு 4 மணி. இந்த 4 மணி ஒரு வகுப்புக்கு. என் பள்ளியில் இரண்டு ஆசிரியர் சேர்ந்து 8 மணி, அதை ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு 1 மணி 36 நிமிடம். உங்களுக்கு இரண்டு வகுப்பு, அதனால் வகுப்புக்கு 2 மணி. இதிலிருந்துதான் சாப்பாடு, பதிவேடு, சண்டை எல்லாம் கழிய வேண்டும். நாலு மணி நேரம் இருப்பதாக நினைத்து எழுதிய இலக்கு ஒன்றரை மணி நேரத்தில் எப்படி நடக்கும்?

அதே சட்டத்தில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி, தயாரிப்பு நேரமும் சேர்த்து, என்று போட்டிருக்கிறது. "தயாரிப்பு நேரமும் சேர்த்து" என்ற மூன்று சொல்லை யாராவது உங்கள் பள்ளியில் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், ஐந்து நாள் மட்டும் கரும்பலகை மூலையில் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் போனது என்று கோடு போட்டு வாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு. அதற்கப்புறம் பேசலாம்.

பள்ளிப்பட்டு பார்டர் (ஜூலை 6)
இங்கே நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கிறோம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு 'அணில்' படத்தைக் காட்டினால் 'உடுத' என்கிறது. எழுத்து தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. முதல் இரண்டு மாதம் வாய்ப்பேச்சுக்கே போய்விடும், அதை இலக்கில் சேர்க்காமல் விட்டு நானும் உங்களைப் போல வருஷாவருஷம் தோற்றேன். உங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழா மலையாளமா?

கொன்னைமரம் (ஜூலை 6)
வீட்டில் தமிழ்தான், கொங்குத் தமிழ். கடைக்குப் போனால் மலையாளம். தோப்பு வேலைக்கும் கள் இறக்கவும் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. பேச்சில் இரண்டும் கலந்து வரும், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எழுத்தில்தான். ஆனைமலை சார் சொன்ன கோடு வேலையைத் திங்கள் முதல் ஆரம்பிக்கிறேன்.

ரிட்டயர்டு மாஷ் (ஜூலை 7)
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முப்பது வருஷம் எல்.பி.யில் இருந்து ரிட்டயர் ஆனவன். மோளே, அந்த டைரியின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போடு. "எல்லாப் பிள்ளைகளும் சரளமாக" என்பது இலக்கே இல்லை, அது வேண்டுதல். மார்ச்சில் உட்கார்ந்து அது நடந்ததா நடக்கவில்லையா என்று எதை வைத்துச் சொல்வாய்?

இன்னொன்று. நம்ம ஊரில் வருஷம் மார்ச் வரை கிடையாது. ஜூனில் திறந்தால் ஓணப் பரீட்சை, ஓணம் லீவு. அப்புறம் கிறிஸ்துமஸ் பரீட்சை. தை பிறந்து பொங்கல் லீவும் முடிந்தால் முதலமடைப் பக்கம் மாங்காய் சீசன் தொடங்கிவிடும், தோப்புக் குடும்பங்கள் இடம் மாறும், பெஞ்சில் பாதி காலி. நான் வேலை பார்த்த காலத்தில் பிப்ரவரியில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, படித்ததை மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுவேன். ஆக உன் கையில் இருப்பது இரண்டு துண்டு: ஓணத்துக்கு முன்னால் ஒன்று, ஓணத்துக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் வரை ஒன்று. இலக்கை அந்தத் துண்டுக்கு எழுது.

தொண்ணூறுகளில் டி.பி.இ.பி. (மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம்) வந்தபோது எங்களை உட்கார வைத்துப் பாட்டுப் பாட வைத்து ஆட வைத்து என்னென்னவோ பயிற்சி கொடுத்தார்கள். நான் அப்போது நன்றாகத் திட்டினேன். அதில் ஒன்றுதான் இன்றுவரை உதவியது. வகுப்பு பார்க்காமல், பிள்ளைக்கு எது தெரியுமோ அதை வைத்து வட்டம் போட்டு உட்கார வைப்பது.

ஆனைமலை ஈராசிரியர் (ஜூலை 7)
மாஷ் சொன்ன கடைசி விஷயம்தான் எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம். 2022இல் ஒன்று முதல் மூன்று வரை கொண்டு வந்தார்கள், அடுத்த வருஷம் நாலு ஐந்துக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பயிற்சி நாள்கள், ஆன்லைன் மதிப்பீடு, அதற்கு எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு என்று அதுவே ஒரு தனி வேலையாகிவிட்டது, அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்த இழை முடியாது. ஆனால் நிலை பிரிப்பது மட்டும் எனக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஐந்து வகுப்புக்கு ஐந்து பாடம் நடத்தாமல் மூன்று வட்டத்துக்கு மூன்று வேலை.

மலைப்பள்ளி (ஜூலை 8)
இடுக்கி மலையில் எங்கள் பீர்மேட்டில் இன்னொரு கழித்தலும் உண்டு, மழை லீவு. ராத்திரி எட்டு மணிக்குக் கலெக்டர் அறிவிப்பு வரும். ஜூன் ஜூலையில் எத்தனை நாள் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று திட்டம் எழுதுவதை நிறுத்தி, நாலு நாளுக்குத்தான் எழுதுகிறேன். ஐந்தாவது நாள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கதை, எனக்கு நோட்டுத் திருத்தம். கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. இதைச் செய்த பிறகுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைவலி நின்றது.

கொன்னைமரம் (ஜூலை 14)
ஐந்து நாள் கோடு போட்டாயிற்று. சாப்பாடு, இடைவேளை நீக்கி நாளுக்கு 5 மணி, ஐந்து நாளைக்கு 1500 நிமிஷம். இரண்டாம் நாளே பிள்ளைகள் "டீச்சர் கோடு போடலையா" என்று ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நிஜமாகவே பாடம் நடத்தியது 790. நோட்டுத் திருத்தம் 185. வருகைப் பதிவு, மதிய உணவு எண்ணிக்கை, பால் முட்டைக் கணக்கு எச்.எம்.முக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 170. போனில் வரும் தகவல் கேட்பு, மலையாளத்தில் வரும் சுற்றறிக்கையைப் படித்துத் தமிழில் எழுதிப் பெற்றோருக்குச் சொல்வது 205. மிச்சம் 150 நிமிஷம் சண்டை தீர்ப்பது, மூக்கு துடைப்பது, பென்சில் சீவுவது. அதில் பென்சில் மட்டும் நாளுக்குப் பத்து நிமிஷம் போகிறது, என்னால் நம்பவே முடியவில்லை!

சுற்றறிக்கை விஷயம்தான் மனதைப் போட்டு அரிக்கிறது. மலையாள மீடியம் டீச்சர் ஒரு தடவை படித்தால் முடிந்தது. எனக்கு அதே சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பு வேலையும். டீச்சிங் மேனுவல் (பாடக் குறிப்பு) எழுத உதவும் ஹேண்ட்புக் தமிழில் கைக்கு வருவதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது.

ரிட்டயர்டு மாஷ் (ஜூலை 14)
205 நிமிஷத்தைப் பார்த்ததும் பழைய கோபம் வந்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, சுற்றுவட்டாரத்தில் தமிழ் மீடியம் இருக்கும் ஆறு பள்ளிக்காரர்கள் முறை வைத்துக்கொண்டோம். இந்த வாரம் வரும் தாள் எல்லாம் ஒருத்தர் மொழிபெயர்க்க வேண்டும், மற்ற ஐந்து பேருக்கும் அதுவே. அந்தக் காலத்தில் கார்பன் தாள், சனிக்கிழமை சந்தையில் கைமாற்றுவோம். இப்போது உங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் உன் முறை வரும்.

பள்ளிப்பட்டு பார்டர் (ஜூலை 15)
பென்சிலுக்கு வழி என்னிடம் இருக்கிறது. ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருபது பென்சில் சீவி வைத்துவிடுங்கள். முனை உடைந்தால் உடைந்ததைப் போட்டுவிட்டுச் சீவினதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் இரண்டு பெரிய பிள்ளைகள் சீவுவார்கள். என் வகுப்பில் இதற்குச் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள், மூன்றாம் வகுப்பில் இது பெரிய பதவி.

சாப்பாட்டு எண்ணிக்கையும் அப்படியே. பிள்ளைகள் உள்ளே வரும்போது பெயர் எழுதிய அட்டையை ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டாத அட்டை எத்தனை என்று பார்த்தால் வராதவர் கணக்கு, வகுப்புத் தலைவி எண்ணிச் சொல்லிவிடுவாள்.

ஆனைமலை ஈராசிரியர் (ஜூலை 15)
நோட்டுத் திருத்தம் 185 என்பதில் கை வைக்கலாம். 27 நோட்டையும் தினம் திருத்துவதை விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அது பார்க்கத் திருத்துங்கள். பிள்ளை இல்லாதபோது சிவப்பு மையில் திருத்துவது அதிகாரி பார்ப்பதற்குத்தான் உதவும். இதைச் சொன்னதற்கு எனக்கு ஒரு தடவை விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், அதோடு சரி.

இரண்டு வகுப்பை ஒன்றாக நடத்துவதற்கு நான் வைத்திருக்கும் வழக்கம், ஒரு கூட்டத்துக்கு வாய், இன்னொரு கூட்டத்துக்குக் கை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் கேட்கும். மற்ற கூட்டத்துக்குப் புளியங்கொட்டை, குச்சி, எழுத்து அட்டை ஏதாவது கையில். இருபது நிமிஷத்தில் மாற்றிவிட வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வாயால் நடத்த முயன்றால் இரண்டும் போகும், உங்கள் தொண்டையும் போகும்.

நேரந்தவறாதவன் (ஜூலை 16)
ஒரு சந்தேகம். இலக்கு அளக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் மாஷ். மத்திய அரசின் நிபுன் பாரத் திட்டத்தில் அதற்குக் கணக்கு இருக்கிறதே, இரண்டாம் வகுப்பு முடியும்போது நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றில் குறைந்தது 60 சொல். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மலைப்பள்ளி (ஜூலை 16)
தமிழில் சொல் எண்ணுவது அவ்வளவு நேரானது இல்லை தம்பி. 'மரம்' ஒரு சொல், 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல். இரண்டாவதை ஏழு வயசுப் பிள்ளை வாசித்து முடிப்பதற்குள் இங்கிலீஷ் பிள்ளை ஒரு வரி முடித்திருக்கும். மேலதிகாரி கேட்டால் சொல்ல அந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாட்ச்சைக் கையில் எடுத்ததும் என் வகுப்பில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் திறக்கவில்லை. அதற்கப்புறம் நான் வாட்ச்சை எடுப்பதில்லை.

எழுத்தே தெரியாத ஏழு பேருக்கு நிமிஷக் கணக்கு எதற்கு? கால், கொம்பு என்று எந்தெந்தக் குறி தெரியும், எது தெரியாது, அதுதான் அளவு.

ரிட்டயர்டு மாஷ் (ஜூலை 17)
சரியாகச் சொன்னீர்கள் டீச்சர். 247 எழுத்து என்று ஆரம்பித்தால் பிள்ளையும் பயப்படும், நாமும் பயப்படுவோம். உயிர்மெய் 216ஐயும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை. கால் ஒன்று தெரிந்தால் பதினெட்டு எழுத்து வந்துவிடுகிறது. கொம்பு தெரிந்தால் இன்னொரு பதினெட்டு. கொம்பில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது, மலையாளத்திலும் எகர ஏகாரக் குறி எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும், பார்க்கவும் நம்முடையது போலத்தான் இருக்கும். பஸ் போர்டில் பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிக்கும். உகரம்தான் வம்பு. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதை ஓணத்துக்கு முன்னால் தொடாதே.

கொன்னைமரம் (ஜூலை 19)
எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று இரவு டைரியின் முதல் பக்கத்தைக் கிழித்தேன், மாஷ். புதிதாக எழுதியது இவ்வளவுதான்: "ஓணப் பரீட்சைக்கு முன்னால் இந்த ஏழு பேரும் ப, ம, ட, ர, க, ல ஆறு எழுத்திலும் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு சேர்த்து வாசிக்க வேண்டும்." ஏழு பெயர், பக்கத்தில் கட்டம். தினம் மூன்று பேர், ஆளுக்கு நாலு நிமிஷம், காலை முதல் மணியிலேயே. அந்த நேரத்தில் போன் இரும்பு அலமாரியில். எச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன், அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் "பதினோரு மணிக்கு மேலே எடுத்துப் பாருங்கள்" என்றார்.

மற்ற இருபது பேர்? அவர்களுக்கு அநியாயம் செய்கிறேனோ என்று இருக்கிறது.

ஆனைமலை ஈராசிரியர் (ஜூலை 19)
பன்னிரண்டு நிமிஷம்தானே. அந்த நேரம் இருபது பேருக்கும் கையில் வேலை இருக்கட்டும். ஆகஸ்டில் ஏழு பேரில் மூன்று பேர் மேலே வந்தால் உங்களுக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் நிம்மதியைப் பாருங்கள், அது அந்த இருபது பேருக்கும்தான்.

பள்ளிப்பட்டு பார்டர் (ஆகஸ்ட் 2)
டீச்சர் ஆளையே காணோம்?

கொன்னைமரம் (ஆகஸ்ட் 3)
இருக்கிறேன். ஒரு வாரம் காய்ச்சல், கட்டம் எல்லாம் காலி. அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலை என்று என்னையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

ஆனைமலை ஈராசிரியர் (ஆகஸ்ட் 3)
மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல், இந்த மூன்று தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை எடுக்கக் கூடாது என்பது சட்டத்தின் 27ஆம் பிரிவு. வாக்காளர் பட்டியல் தேர்தலில் வந்துவிடுகிறது, தப்ப முடியாது. ஆனால் வேறு ஏதாவது கணக்கெடு, சர்வே எடு என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பாதி அங்கேயே நின்றுவிடும்.

மலைப்பள்ளி (ஆகஸ்ட் 4)
உடம்பைப் பாருங்கள் முதலில். கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும், பின்னால் போய் நிரப்ப உட்காராதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படி உட்கார்ந்து எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டேன், பார்க்க அழகாக இருந்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொன்னைமரம் (செப்டம்பர் 14)
ஓணம் லீவு முடிந்து வந்துவிட்டேன், கணக்குச் சொல்கிறேன். ஏழு பேரில் நாலு பேர் மூன்று குறியும் வாசிக்கிறார்கள். ஒருத்தன் கால் மட்டும், கொம்பு வந்தால் எழுத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கொம்பைத் தேடுகிறான். ஒரு பிள்ளையின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்குக் கோபாலபுரம் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது, எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. ஆனைமலை சார், உங்கள் பக்கம் யாராவது விசாரிக்க முடியுமா, தனியாக எழுதுகிறேன். ஏழாவது பிள்ளைக்குக் கண்ணே சரியில்லை. பக்கத்தில் உட்கார வைத்து நாலு நிமிஷம் கேட்டதால்தான் தெரிந்தது, ஒரு வருஷமாகப் பலகை தெரியாமலே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு முறைக்கு நாலு பள்ளி சேர்ந்தது, ஆறு கிடைக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் பிரமாதம். நோட்டுத் திருத்தம் இன்னும் வீட்டுக்குத்தான் போகிறது, ஒரு வரிசை என்று வைத்தால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் "எங்கள் பிள்ளைக்கு ரைட் போடலையே" என்று வாசலில் நிற்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வரைக்குமான துண்டை இன்று எழுத உட்கார்ந்தேன். உகரத்தைத் தொடலாமா மாஷ், இல்லை இகரம் முடித்துவிட்டா?

ரிட்டயர்டு மாஷ் (செப்டம்பர் 14)
இகரம் முடி. 'விசிறி' என்ற சொல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மூன்று எழுத்தும் இகரம்தான். டு, மு, ரு மட்டும் நவம்பரில் எடு, 'மாடு' வாசித்துவிட்டால் மீதிக்கு அதுவே இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கண்ணாடிப் பிள்ளையை முன் பெஞ்சுக்கு மாற்றினாயா?

கொன்னைமரம் (செப்டம்பர் 14)
மாற்றிவிட்டேன். பழைய இடத்தில்தான் தோழி இருக்கிறாள் என்று அழுகிறாள், தோழியையும் சேர்த்து முன்னால் கொண்டு வர வேண்டும் போல.